உதடு ஒட்டாமல் ஒரு கதை

ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றங்கரையில் இரண்டு பேர் சந்திக்கிறார்கள். அதை மூன்று வரியில் எழுத வேண்டும். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: எழுதியதை வாசிக்கும்போது உதடு ஒட்டவும் கூடாது, குவியவும் கூடாது. அதனால் ப, ம, வ வரிசை எழுத்துகளுக்கு இடமில்லை. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகிய உயிர்களுக்கும் அவை ஏறிய உயிர்மெய்களுக்கும் இடமில்லை.

நான் எழுதிப் பார்த்தேன். அம்மா ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்பதாகத் தொடங்க நினைத்தேன். ‘ம்’ தடுத்தது, அம்மா போய்விட்டாள். ‘ப்’ தடுத்தது, அப்பாவும் போய்விட்டார். இந்த விதிக்குள் யாரும் உட்கார முடியாது, நிற்கலாம். வர முடியாது, போக முடியாது, பேச முடியாது, திரும்பிப் பார்க்க முடியாது. அரை மணி நேரம் அடித்து அடித்து எழுதிய பிறகு கிடைத்தது இது:

நிலா எழ, ஆற்றங்கரையில் தனியே நின்றான் அண்ணன். அழைத்தேன். ஏன் என்றான்.

இவ்வளவுதான். ஆனால் எழுதி முடித்ததும் எனக்கே கேள்விகள் எழுந்தன. யார் இந்த அண்ணன்? ஏன் தனியே நிற்கிறான்? கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ‘ஏன்’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிறானே, வீட்டில் என்ன நடந்தது? பேனாவை எடுக்கும்போது என் மனத்தில் அப்படி ஓர் அண்ணன் இல்லவே இல்லை. எந்த எழுத்து கூடாது என்ற விதிதான் அவனைக் கொண்டுவந்து கரையில் நிறுத்தியது.

இந்த விளையாட்டு பழையது. தண்டியலங்காரம் சொல்லும் சித்திரகவி வகைகளில் இதற்கு நிரோட்டகம் என்று பெயர். பதினேழாம் நூற்றாண்டில் சிவப்பிரகாச சுவாமிகள் ஒரு நூலையே இப்படிப் பாடினார். அதன் பெயர் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி. பெயரிலேயே மூன்று பூட்டுகள் இருக்கின்றன. உதடு ஒட்டக் கூடாது. ஒரே எழுத்துக் கூட்டம் அடிதோறும் திரும்பி வந்து வெவ்வேறு பொருள் தர வேண்டும், அது யமகம். ஒரு பாட்டு முடிந்த இடத்தில் அடுத்த பாட்டு தொடங்க வேண்டும், அது அந்தாதி. திருக்குறளின் துறவு அதிகாரத்தில் முதல் குறளை, 341ஆம் குறளை, ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பற்று விடுவதைப் பற்றிய அந்தக் குறளில் உதடு ஒட்டாது. ஓர் இடத்தில் ஓகாரம் வந்து உதடு குவிகிறது, அதனால் இலக்கணப்படி அதை முழு நிரோட்டகம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அழகுதான்.

சித்திரகவியை வெறும் சொல் வித்தை என்று ஒதுக்குவோர் உண்டு. கவிதை என்ற அளவில் அந்தக் குறை பல பாடல்களுக்குப் பொருந்தவும் செய்யும். ஆனால் எழுதப் பழகுகிறவருக்கான பயிற்சி என்று பார்த்தால், கடந்த எழுபது ஆண்டுகளில் உளவியல் கண்டுபிடித்தவை நம் பழைய புலவர்கள் பக்கமே நிற்கின்றன.

எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல், உன் விருப்பம்போல் எழுது என்று சொன்னால் மனம் என்ன செய்யும்? அமெரிக்க உளவியலாளர் தாமஸ் வார்டு 1994இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பதில். வேறொரு கிரகத்தில் வாழும் விலங்கு ஒன்றைக் கற்பனை செய்து வரையுங்கள் என்று கல்லூரி மாணவர்களிடம் கேட்டார். எப்படி வேண்டுமானாலும் வரையலாம். ஆனால் வந்த படங்களில் பெரும்பாலானவை நம் ஊர் விலங்குகளின் பங்காளிகளாகவே இருந்தன. இடமும் வலமும் ஒத்த உடல், கண்கள், கால்கள். ஏதோ ஓர் உறுப்பு கூடியிருந்தது அல்லது குறைந்திருந்தது, அவ்வளவுதான். தண்ணீர் பள்ளம் பார்த்துப் பாய்வதுபோல, மனமும் தடையே இல்லாத பாதையில் இறங்கிவிடுகிறது என்று வார்டு விளக்கினார். அந்தப் பாதை நினைவில் ஏற்கெனவே வெட்டிவைத்த வாய்க்கால்.

கிணறு என்றதும் தண்ணீர், வாளி, கயிறு என்று வரும். பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பேருக்கும் இவைதான் வரும். தவளை, எதிரொலி, நீச்சல் பழகிய கோடை, கல்யாணம் நின்றுபோன ஒரு வீடு இவையெல்லாம் அதற்குப் பிறகுதான் மேலே வரும். படைப்பு என்பதே தொலைவில் கிடக்கும் நினைவுகளை ஒன்றோடொன்று சேர்ப்பதுதான் என்று 1962இல் சார்னாஃப் மெட்னிக் எழுதினார். முதலில் தோன்றும் யோசனைகளைவிடப் பின்னால் தோன்றுபவை புதுமையாக இருக்கின்றன என்பதும் 1950களிலிருந்து பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. இதில் வருத்தமான செய்தி ஒன்று உண்டு. 2020இல் பிரையன் லூகாஸும் லோரன் நார்ட்கிரனும் வெளியிட்ட ஆய்வின்படி, நேரம் ஆக ஆகத் தங்கள் கற்பனை வற்றிப்போகும் என்றே மக்கள் நம்புகிறார்கள். உண்மையில் அது வற்றுவதில்லை, சில நேரம் பெருகவும் செய்கிறது. நம்பிக்கை முந்திக்கொள்வதால் நல்லது வரும் நேரத்தில் பேனாவை மூடிவிடுகிறார்கள்.

நிரோட்டகம் போன்ற விதி அந்த முதல் வாய்க்காலை மண் போட்டு அடைக்கிறது. தண்ணீர் வேறு வழி தேடியே தீர வேண்டும்.

இதை வகுப்பறைக்குள் கொண்டுவந்தவர்களில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் இத்தாலியின் ஜியானி ரோடாரி. இளமையில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்து, பின்னர் பத்திரிகையாளராகவும் குழந்தை எழுத்தாளராகவும் ஆனவர். 1970இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது பெற்றார். 1972இல் ரெஜியோ எமிலியா நகரில் ஆசிரியர்களோடு சில நாள் அமர்ந்து, கதைகள் எப்படிப் பிறக்கின்றன என்று பேசினார். அந்தப் பேச்சுகளிலிருந்து 1973இல் வந்த புத்தகத்தின் பெயருக்குக் கற்பனையின் இலக்கணம் என்று பொருள்.

அதில் ஒரு விளையாட்டு வருகிறது. ஒரு குழந்தை கரும்பலகையின் ஒரு பக்கத்தில் ஒரு சொல் எழுதும். இன்னொரு குழந்தை பின்பக்கத்தில், முதல் சொல்லைப் பார்க்காமல், வேறொரு சொல் எழுதும். பிறகு பலகையைத் திருப்புவார்கள். நாய் ஒரு பக்கம், அலமாரி மறுபக்கம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை, அதனால்தான் கதை பிறக்கிறது என்றார் ரோடாரி. குதிரை, நாய் என்று இரண்டு சொல் வந்தால் மனம் இரண்டையும் விலங்குப் பட்டியலில் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடும்.

இரண்டு சொல்லையும் இணைக்க அவர் முன்னிடைச் சொற்களைப் பயன்படுத்தினார். தமிழில் அந்த வேலைக்கு வேற்றுமை உருபுகள் இருக்கின்றன. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஞாயிறுதோறும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு இதை நான் செய்துவருகிறேன். ஒருநாள் வந்த சொற்கள் அம்மி, ரயில். ரயிலை அரைத்த அம்மி. ரயிலோடு வந்த அம்மி. அம்மிக்கு ஒரு ரயில். அம்மியிலிருந்து புறப்பட்ட ரயில். அம்மியின் ரயில். அம்மியில் ஓடும் ரயில். மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்க மட்டுமே உதவுவதாகப் பிள்ளைகள் நினைத்திருந்த வேற்றுமை உருபுகள் ஒவ்வொன்றும் ஒரு கதவாகத் திறந்தன. ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இரண்டாவதை எடுத்துக்கொண்டாள். மகன் வீட்டோடு போய்த் தங்கச் சென்னைக்குக் கிளம்பும் ஆச்சி அம்மியை விட மனமில்லாமல் சாக்கில் கட்டி ரயிலில் ஏற்றிவிடுகிறாள். டிக்கெட் பரிசோதகர் வருகிறார். “ஆச்சி, சாக்குல என்ன?” “எங்க அம்மாப்பா.” கதை அங்கேயே முடிந்தது. அதற்கு முந்தின வாரம் எதை வேண்டுமானாலும் எழுது என்று சொன்னபோது இதே சிறுமி ‘நான் விரும்பும் தலைவர்’ கட்டுரையை முன்னுரை, முடிவுரையோடு ஒப்பித்திருந்தாள்.

ரோடாரியைப் பற்றிப் பேசினால் காளமேகத்தை நினைக்காமல் இருக்க முடியாது. ‘செருப்பு’ என்று தொடங்கி ‘விளக்குமாறு’ என்று முடியும்படி முருகன் மேல் வெண்பா பாடச் சொன்னார்களாம். கரும்பலகையின் இரண்டு பக்கத்தையும் வேண்டுமென்றே முரண்டான சொற்களால் நிரப்பி நீட்டியது போன்ற சவால் அது. செரு என்றால் போர், போருக்குள் புகுவது என்று முதல் சொல்லை உடைத்தார். கடைசிச் சொல்லைத் துடைப்பத்திலிருந்து பிரித்து, ‘விளக்கும்படி’ என்ற பொருளில் நிறுத்தினார். சவால் விட்டவர்கள் அவமதிக்க நினைத்தார்களா, சோதிக்க நினைத்தார்களா, இரண்டில் எதுவானாலும் தமிழுக்கு லாபம். ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பது, ஒரே நேரத்தில் பலவற்றைக் கவனித்து விடை சொல்லும் அவதானக் கலையிலும் ஒரு சோதனை. நாகர்கோவில் கோட்டாற்றைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னையில் சதாவதானம் செய்து காட்டியபோது, கவனத்தைச் சிதறடிக்கும் பல வேலைகளுக்கு நடுவே பாட்டுக்கும் விடை சொல்ல வேண்டியிருந்தது.

விதியோடு எழுதினால் உண்மையிலேயே நன்றாக வருகிறதா, அல்லது புலவர் பெருமக்களுக்கு மட்டும்தான் அது கைகூடுமா? உளவியலாளர் கேட்ரினெல் ஹாட்-ட்ராம்ப் 2017இல் வெளியிட்ட சோதனை சாதாரண மாணவர்களைக் கொண்டது. பிறந்தநாள், நன்றி சொல்லுதல் போன்ற தருணங்களுக்கு எதுகை இயைந்த இரண்டு வரி வாழ்த்து எழுத வேண்டும். சில வாழ்த்துகளில் குறிப்பிட்ட ஒரு பெயர்ச்சொல் கட்டாயம் வர வேண்டும், மற்றவற்றில் எந்தக் கட்டாயமும் இல்லை. கட்டாயச் சொல்லோடு எழுதியவையே படைப்புத்திறனில் மேலாக மதிப்பிடப்பட்டன. முதலில் கட்டுப்பாட்டோடு பழகியவர்களுக்கு, கட்டுப்பாட்டை எடுத்த பிறகும் அந்தப் பலன் ஒட்டிக்கொண்டது. என் பார்வையில் இந்த இரண்டாவது முடிவுதான் பெரியது. விளையாட்டில் பழகிய கை, விளையாட்டு முடிந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. குழந்தை எழுத்தாளர் டாக்டர் சூஸ் தன் பெயர்பெற்ற பச்சை முட்டைக் கதையை ஐம்பதே சொற்களில் எழுதியதை நினைவுகூர்ந்து தன் கருத்துக்கு அந்தக் கதையின் பெயரையே வைத்தார் ஹாட்-ட்ராம்ப். 1960இல் வந்த அந்தப் புத்தகம் பதிப்பாளர் பென்னட் செர்ஃப் கட்டிய பந்தயத்தால் பிறந்தது.

அதே 1960ஆம் ஆண்டு நவம்பரில் பாரிஸில் எழுத்தாளர் ரேமோன் கெனோவும் கணித ஆர்வலர் பிரான்சுவா லெ லியோனேயும் ஊலிப்போ என்ற குழுவைத் தொடங்கினார்கள். எழுத்துக்கான புதிய விதிகளைக் கண்டுபிடிப்பதுதான் குழுவின் வேலை. கெனோ ஏற்கெனவே 1947இல் ஒரே அற்பச் சம்பவத்தை 99 விதமாக எழுதியிருந்தார். நெரிசலான பேருந்தில் ஒருவன் இடிபட்டுச் சண்டை போடுகிறான். பிறகு ஒரு ரயில் நிலையத்தின் அருகில் அவனுடைய நண்பன் அவன் கோட்டுப் பொத்தானைப் பற்றி யோசனை சொல்கிறான். கதை இவ்வளவே. நம் ஊர் டவுன் பஸ் சண்டை ஒன்றை நடத்துநர் சொல்வதாக, காவல் நிலையப் புகாராக, ஒப்பாரியாக, கிரிக்கெட் வர்ணனையாக எழுதிப் பார்த்தால் இந்தப் பயிற்சியின் ருசி தெரியும். குழுவில் பின்னர் சேர்ந்த ஜார்ஜ் பெரெக் 1969இல் ஒரு நாவல் எழுதினார். ஏறத்தாழ முந்நூறு பக்கம். பிரெஞ்சில் மிக அதிகமாகப் புழங்கும் ‘e’ எழுத்து அதில் எங்குமே கிடையாது.

அந்த எழுத்து இல்லாமல் பிரெஞ்சில் தந்தை என்று எழுத முடியாது, தாய் என்று எழுத முடியாது, பெற்றோர், குடும்பம் என்றும் எழுத முடியாது. பெரெக் பாரிஸில் வாழ்ந்த போலந்து யூதர்களின் மகன். தந்தை 1940இல் போரில் இறந்தார். தாய் 1943இல் ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார், திரும்பவில்லை. பிரெஞ்சில் அந்த எழுத்தின் பெயரும் ‘அவர்கள்’ என்ற சொல்லும் காதில் ஏறக்குறைய ஒன்றாக விழும். எழுத்து இல்லாத நாவல், அவர்கள் இல்லாத வாழ்க்கை. இதை வெறும் சொல் வித்தை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நிரோட்டகத்திலும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இடமில்லை என்று தொடக்கத்தில் பார்த்தோம். பெரெக்கின் நாவலில் அது பிரெஞ்சு எழுத்துக்கூட்டலால் நேர்ந்தது. தமிழில் அது உடல் சார்ந்த காரணத்தால் நேர்கிறது. பால் குடிக்கும் குழந்தைக்கு முதலில் கைவரும் மெய்யொலிகளில் உதடு ஒட்டிப் பிறக்கும் ம, ப முக்கியமானவை. அதனால்தான் உலகின் எத்தனையோ மொழிகளில் தாயையும் தந்தையையும் அழைக்கும் சொற்களில் இந்த ஒலிகள் இருக்கின்றன என்று மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் விளக்கினார். அவர் எடுத்துக்கொண்ட தரவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறவுச் சொற்கள் இருந்தன. உதட்டை விலக்கினால் நாம் பேசிய முதல் சொற்களையே விலக்கிவிடுகிறோம். என் ஆற்றங்கரைக் கதையில் அண்ணன் அவ்வளவு தனியாக நிற்பதற்கு அதுதான் காரணம் போலும்.

எழுதும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் லோட்ஸே குழுவினர் முயன்றார்கள். எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் தலையை அசைக்காமல் படுத்துக்கொண்டே கையால் எழுத வேண்டும். அதற்காகச் சாய்வுப் பலகையும் கண்ணாடியும் பொருத்தினார்கள். பாதியில் நிற்கும் ஒரு பகுதியைக் கொடுத்துத் தொடரச் சொன்னார்கள். 2014இல் வெளியான ஒப்பீட்டில், எழுத்துப் பயிற்சி பெற்ற மாணவர்களுக்கு காடேட் என்ற பகுதி கூடுதலாக இயங்கியது, புதியவர்களுக்கு அப்படி இல்லை. பழகிப் பழகித் தானாக வரும் திறமைகளுக்குத் துணை நிற்கும் பகுதி அது. அளக்காமலே உப்புப் போடும் சமையல்காரரின் கையை நினைத்துக்கொள்ளுங்கள். கருவிக்குள் படுத்தவர்கள் சில பத்துப் பேர்தான், பயிற்சியால்தான் இந்த மாற்றம் என்று இதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. 2018இல் ரோஜர் பீட்டியின் குழு 163 பேரை ஆராய்ந்தது. மனம் உலாவும்போது இயங்கும் வலையமைப்பும், மனத்தைக் கட்டி மேய்க்கும் வலையமைப்பும் பொதுவாக ஒன்று எழுந்தால் மற்றது அடங்கும். புதுமையான யோசனை சொன்னவர்களிடம் இரண்டும் நெருங்கிக் கைகோத்திருந்தன. உலாவ விடுவதும் கடிவாளம் பிடிப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். விதியுள்ள விளையாட்டு கேட்பதும் அதைத்தான்.

விதி மிஞ்சினாலும் கெடும். 145 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2019இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, கட்டுப்பாடு அறவே இல்லாதபோதும் அளவுக்கு மிஞ்சியபோதும் படைப்பு சோர்கிறது, நடுவில்தான் செழிக்கிறது என்கிறது. சிவப்பிரகாசருக்கு மூன்று பூட்டு போடலாம், பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்று போதும்.

இன்னொரு ஆபத்து மதிப்பெண். தெரேசா அமாபிலி 1985இல் வெளியிட்ட சோதனையில் எழுத்தார்வம் உள்ள 72 பேர் ஆளுக்கொரு சிறு கவிதை எழுதினார்கள். அடுத்த கவிதைக்கு முன் ஒரு பகுதியினர், எழுதுவதால் கிடைக்கும் பணம், புகழ், பாராட்டு போன்ற காரணங்களைச் சில நிமிடம் படித்து வரிசைப்படுத்தினார்கள். இன்னொரு பகுதியினர் எழுத்தில் கிடைக்கும் மகிழ்ச்சி சார்ந்த காரணங்களை வரிசைப்படுத்தினார்கள். பணத்தையும் புகழையும் எண்ணியவர்களின் இரண்டாவது கவிதை தரம் தாழ்ந்தது. சில நிமிட நினைப்புக்கே அப்படி என்றால், பன்னிரண்டு ஆண்டுகள் முன்னுரைக்கு இத்தனை, மேற்கோளுக்கு இத்தனை என்று கணக்குப் போட்டு எழுதும் நம் பிள்ளைகள் என்ன ஆவார்கள்? எனக்குக் கோபம் வரும் இடம் இது. அவர்களுக்குக் கற்பனை இல்லை என்று பெரியவர்கள் சொல்லும்போது அந்த அம்மிக் கதையைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

பிழைகூட விதையாகும் என்றவர் ரோடாரி. 1964இல் பிழைகளுக்கென்றே ஒரு கதைப் புத்தகம் கொண்டுவந்தார். தமிழில் ர, ற தடுமாறாத பிள்ளை ஏது? நூலகத்தில் ஒரு சிறுவன் ‘அப்பா மறம் வெட்டினார்’ என்று எழுதியிருந்தான். மறம் என்றால் வீரம், சினம் என்று சொன்னேன். அடுத்த வாரம் அவன் கொண்டுவந்த கதையில் கோபக்காரத் தாத்தா தன் கொல்லையில் மறத்தை வளர்க்கிறார். அது வளர்ந்து தெருவை அடைக்கிறது, அப்பா கோடரியோடு போகிறார். அதன்பிறகு அவன் மரத்துக்கு வல்லின றகரம் போட்டு நான் பார்த்ததில்லை.

தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். திங்கட்கிழமை முதல் பாடவேளையில் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். பலகையில் சம்பந்தமில்லாத இரண்டு சொற்கள், ஒரு வேற்றுமை உருபு. சிவப்பு மை வேண்டாம், மதிப்பெண் வேண்டாம், எழுதியதை உரக்க வாசிக்க மட்டும் விடுங்கள். பெற்றோரும் சோறூட்டும் நேரத்தில், பயண நேரத்தில் இதைச் செய்யலாம். தனியாக எழுதுகிறவர் ஏழு நாளுக்கு ஏழு விதி வைத்துக்கொள்ளலாம். முதலில் தோன்றிய மூன்றை அடித்துவிட்டு நான்காவதிலிருந்து எழுதலாம்.

என் அண்ணன் இன்னும் கரையிலேயே நிற்கிறான். ஏன் என்று அவன் கேட்ட கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. அந்த நான்காவது வரியை நீங்கள் எழுதுங்கள், உதடு ஒட்டாமல், குவியாமல்.